பதினான்காம் புற்று

உட்கார்ந்தாகிவிட்டது. இனி இரண்டு மணி நேரம் அசையக் கூடாது. எமரால்டுக்கு அது பெரிய காரியமில்லை. ஒன்பது வருஷமாக இந்தக் காட்டில் அசையாமல் உட்காருவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஊருக்குள் வந்து அவள் வீட்டை விசாரித்தால், எறும்பு பாக்கப் போறவ வீடா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் வழி காட்டுவார்கள். புற்று அவளுக்கு எதிரே இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. புற்று என்றதும் ஆள் உயர மண்மேட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். சருகுக்கு நடுவே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, பக்கத்தில் பதினான்கு என்று பெயின்டில் எழுதிய ஒரு தகரத் துண்டு, அவ்வளவுதான். அவளுக்கு இடது பக்கம், கையை நீட்டாமலே தொடுகிற தூரத்தில் மகள் ஷெர்லின் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு, கையில் பேனா. சுடிதார்ப் பையில் போன். அந்தப் போன் அணைக்கப்படவில்லை. ஜீப்பை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்த முக்கால் மணி நேரமும் எமரால்டின் மனசு அந்தப் பையைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது உட்கார்ந்த பிறகும் அங்கேயே நின்றது. கண் துளையைப் பார்த்தது. கண் அதன் வேலையைச் செய்யும், அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வழக்கமாக நோட்டில் எழுதுகிறவர் மாசானம். இந்தக் காட்டிலேயே பிறந்த மனிதர், எமரால்டைவிடப் பத்து வயசு மூத்தவர், எமரால்டைவிட நன்றாக அசையாமல் உட்காருவார். அவர் குலதெய்வக் கோயில் கொடைக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டார். ஒரு ஆள் பார்த்துச் சொல்ல, ஒரு ஆள் குனிந்து எழுத வேண்டும். பார்க்கிறவள் எழுதக் குனிந்தால் அந்த ஒரு நொடியில் எறும்பு போய்விடும். தனியாகப் போய் என்ன செய்ய என்று நேற்று ராத்திரி சோறு போடும்போது எமரால்ட் தன்பாட்டுக்குச் சொன்னதுதான் வினை. நான் வாறேம்மா என்று ஷெர்லின் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் ஓசூரில் வேலைக்குச் சேரப் போகிற பெண். ஒன்பது வருஷத்துல ஒரு நாளாவது என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கியா என்று கேட்டாள். இல்லைதான். வேண்டாம் என்று சொல்ல எமரால்டுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அட்டை கடிக்கும் என்றாள். கடிக்கட்டும் என்றாள் மகள். யானை வரும் என்றாள். உன்ன விட்டுட்டா போகும் என்றாள் மகள். அதோடு பேச்சு முடிந்தது. சட்டம் என்னவென்றால், புற்றுக்கு முன்னால் உட்காருகிறவர்கள் போனை அணைத்துவிட வேண்டும். இந்த எறும்புக்குக் கண் பெரிசு, தலையில் பாதி கண்தான். ஒரு கை உயர்ந்தால் பார்த்துவிடும். மண்ணில் ஒரு அதிர்வு வந்தால் காலால் தெரிந்துகொள்ளும். உள்ளே போனால் இருபது நிமிஷத்துக்கு வெளியே தலைகாட்டாது. அந்தக் காலைநேரமே வீண். பேச்சு மட்டும் பரவாயில்லை, நம் பேச்சு அதற்குக் கேட்காது. மாசானத்துக்கு இதெல்லாம் எமரால்ட்தான் சொல்லிக்கொடுத்தாள். புதிதாக யார் வந்தாலும் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் மகளிடம் அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மகள் கேட்பாள், டவரே இல்லாத காட்டுல எதுக்கும்மா ஆஃப் பண்ணணும் என்று. அதற்கு என்ன பதில் சொல்வது?

ஏனென்றால் டவர் இருக்கிறது. இந்தக் காட்டில் அவர்கள் நம்பர் போட்டு வைத்திருக்கிற இருபத்திரண்டு புற்றிலும் இந்தப் பதினான்கில் மட்டும் இருக்கிறது. எதிரே இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு இடைவெளி, அதற்கு அந்தப்பக்கம் மலை சரிந்து கீழே வயல்காடு, ஊர், ஆற்றுப் பாலம் எல்லாம் தெரியும். அங்கே இருந்து அந்தச் சந்து வழியாக எதுவோ வருகிறது. ஒரே ஒரு பாயிண்ட் சிக்னல். மாசானம் வேலை முடிந்ததும் இங்கே நின்றுதான் வீட்டுக்குப் பேசுவார். அவருக்குத் தெரியும், எமரால்டுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அட்டவணைப்படி பதினான்கின் முறை, அதை மாற்ற அவளால் முடியாது. ஷெர்லினுடைய சிம் வேறு கம்பெனி. வேறு கம்பெனி என்றால் வேறு டவர், வேறு டவர் என்றால் இந்தச் சந்து வழியாக வராமலும் போகலாம். நேற்று ராத்திரி படுக்கையில் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள். ஒரு டவரில் இரண்டு மூன்று கம்பெனிக்காரர்கள் சேர்ந்து பெட்டி மாட்டுவார்கள் என்று எப்போதோ புருஷன் ஞானராஜ் சொன்ன ஞாபகம். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனிதருக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் அத்துப்படி. செத்தவர் சொன்னது சரியாக இருக்குமா தப்பாக இருக்குமா என்று யாரிடம் போய்க் கேட்க?

“மஞ்சள் பச்சை,” என்றாள் எமரால்ட், உதடு அசையாமல். “ஒம்பது நாப்பத்திரெண்டு. மேற்கே.”

மகள் எழுதினாள். துளையிலிருந்து வந்த எறும்பு சருகின் மேல் ஏறி நின்று இரண்டு கொம்பு போன்ற தாடையையும் முன்னால் நீட்டிக்கொண்டு எதையோ யோசிப்பதுபோல் நின்றது. முதுகில் மஞ்சள் பொட்டு, பின்பாகத்தில் பச்சைப் பொட்டு. பொட்டு வைத்தது எமரால்ட். ஒரு எறும்பைப் பிடித்து, பஞ்சில் அமுக்கி, குண்டூசித் தலையால் எனாமல் பெயின்டைத் தொட்டு வைத்து, அது காயும்வரை ஊதிக்கொண்டு இருப்பாள். கொட்டினால் கை மணிக்கட்டுவரை எரியும். இவ்ளோ பெருசா, இதுவா எறும்பு, பூரான் குஞ்சு மாதிரில்லா இருக்கு என்றாள் ஷெர்லின் மூச்சுக்குள். துள்ளெறும்பு என்பார்கள் இவர்கள் கூட்டத்தில். மற்ற எறும்பைப்போல் இது வரிசை போடாது. ஒன்று கண்ட தீனியை இன்னொன்றுக்குச் சொல்லாது. தனியாகப் போகும், தனியாக வேட்டையாடும், கண்ணால் பார்த்து, நாலு விரல் தூரம் துள்ளிப் பிடிக்கும். பிடித்ததைக் கொல்லாது. ஒரு கொட்டு, அவ்வளவுதான். பாச்சை, சிலந்தி, வெட்டுக்கிளிக் குஞ்சு, எதுவாக இருந்தாலும் உயிரோடு கிடக்கும், ஆனால் அசையாது. உள்ளே கொண்டுபோய் அறையில் அடுக்கி வைத்துவிடும். பசிக்கும்போது புழுக்களுக்குக் கொடுக்கும். ஒரு தடவை ஒரு புற்றைத் தோண்டியபோது அப்படி ஒரு பாச்சையை எமரால்ட் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். மீசை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு வலிக்குமா என்று நந்தகோபன் சாரிடம் கேட்டாள். ஆராய்ச்சிக்குப் பொறுப்பான அந்த மனிதர் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிடமாட்டார். தெரியல எமரால்ட், வலிக்குதுன்னு காட்டத்தான் அதால முடியாது, வலிக்குதா இல்லையாங்கறது வேற விஷயம் என்றார். அன்றைக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. இந்த நான்கு மாசமாக அடிக்கடி படுகிறது.

நான்கு மாசமாக அவளுக்கு அழுகை வரவில்லை. இதை ஊரே கவனித்தது. ஞானராஜின் அடக்கத்தன்று ஆளாளுக்கு வந்து முதுகைத் தடவி, அழுதுரு எமரா, அடக்கி வச்சா உள்ள போய்க் கட்டிரும் என்றார்கள். அவள் அடக்கவே இல்லை. வரவே இல்லை. பெட்டிக்கு மேல் வைத்த மாலையில் சின்னச் சின்னக் கறுப்பு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. இது வயிற்றை மேலே தூக்கிக்கொண்டு போகிற சாதி என்று மனசு தானாகப் பெயர் சொல்லியது. எத்தனை எறும்பு என்று எண்ணவும் ஆரம்பித்துவிட்டது. முப்பத்தேழு. பெட்டியைத் தூக்கியபோது எண்ணிக்கை தவறிப்போனது, அதுதான் அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த ஒரே வருத்தம். இதை வெளியே சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். சாப்பிட்டாள், தூங்கினாள், எட்டாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். குழம்பில் உப்புப் போட்டோமா என்பது மறந்துவிடுகிறது, சில நாள் இரண்டு தடவை போடுகிறாள், சில நாள் போடுவதே இல்லை. மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறாள். ஷெர்லின் அழுது தீர்த்துவிட்டாள், அது ஒரு ஆறுதல். ஒரு வீட்டில் ஒரு ஆளாவது ஒழுங்காக அழ வேண்டுமில்லையா?

“இதுக்கெல்லாம் ராணி உண்டாம்மா?” என்று கேட்டாள் மகள், துளையைப் பார்த்தபடியே.

“உண்டு. இந்தப் புத்துல இல்ல. செத்துப்போச்சு.”

“செத்தா புத்து அழிஞ்சிராதா?”

மற்ற எறும்பென்றால் அழிந்துவிடும். இது அழியாது. ராணி செத்தது தெரிந்ததும் வேலைக்காரிகள் இரண்டிரண்டு பேராக எதிரும் புதிருமாக நின்று மீசையால் அடித்துக்கொள்ளும். ஒன்று முன்னால் வரும், மற்றது பின்னால் போகும். பிறகு அது முன்னால் வரும், இது பின்னால் போகும். நாள் கணக்கில், வாரக் கணக்கில், ஒரு மாசத்துக்கு மேலும் நடக்கும். காயம் படாது, உயிர் போகாது, சளைக்காமல் நிற்கிறவை ஜெயிக்கும். ஜெயித்தவை முட்டையிட ஆரம்பிக்கும், அதுவரை வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தவை அதற்குப் பிறகு வெளியே தலை காட்டாது. ஏழெட்டு மாசம் இருக்க வேண்டிய ஆயுசு மூன்று நான்கு வருஷம் ஆகிவிடும். ஆனால் மூளை சுருங்கிவிடும். கால் பங்கு குறைந்துவிடும் என்பார் நந்தகோபன் சார். வேட்டைக்குப் போகிறவளுக்குத்தான் வழி, வெயில், பாறை, மரம் எல்லாம் ஞாபகம் இருக்க வேண்டும். இருட்டில் உட்கார்ந்து முட்டையிடுகிறவளுக்கு எதற்கு அதெல்லாம் என்று உடம்பே அதைக் கழற்றிவிடுகிறது. இதை எமரால்ட் துண்டு துண்டாகச் சொல்ல, ஷெர்லின், சுருங்கிச்சுன்னா சுருங்கினதுதானா என்று கேட்டாள். இல்லை, திரும்ப வளரும் என்றாள். முட்டையிடுகிற ஒன்றைப் பிடித்துத் தனியாகப் பெட்டியில் போட்டு வைத்தால் நாலு வாரத்தில் முட்டை நின்றுவிடும், மூளை பழையபடி பெருசாகும். அப்படி ஒன்றைச் செய்தார்கள். அதற்குப் பொட்டு நீலம், நீலம். இந்தப் புற்றில் எடுத்தது, திரும்ப இந்தப் புற்றிலேயே விட்டார்கள். அது மறுபடி வேட்டைக்கு வருமா என்பதுதான் கேள்வி.

“வந்துச்சா?”

“வந்துச்சு,” என்றாள் எமரால்ட். என்றைக்கு என்று மகள் கேட்கவில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, பத்து நாற்பத்தொன்றுக்கு வந்தது. பெட்டியிலிருந்து விட்டு ஆறு வாரம். நந்தகோபன் சார் தினமும் சாயங்காலம் போன் போட்டு நீலம் நீலம் வந்துச்சா என்று கேட்பார். இல்ல சார் என்று சொல்லிச் சொல்லி எமரால்டுக்கே தன்மேல் ஏதோ தப்பு இருப்பதுபோல் ஆகிவிட்டது. அன்றைக்கு மாசானத்துக்குக் காய்ச்சல். தனியாக உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்து, குனியாமல் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருந்தாள். போன் இடுப்பில் கட்டிய பைக்குள் வைப்ரேஷனில் இருந்தது. சட்டப்படி அணைத்திருக்க வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டால் வேண்டும் என்று அவள்தான் அணைக்காமல் வைத்திருந்தாள். துளையில் இரண்டு கண் தெரிந்தது. பிறகு தாடை. பிறகு முதுகு, முதுகில் நீலம். முழுசாக வெளியே வந்து சருகில் ஏறி நின்றபோது பின்னாலும் நீலம். அப்போதுதான் இடுப்பில் போன் அதிர்ந்தது. ஞானராஜ்தான் என்று பார்க்காமலே தெரியும். அந்த மனிதர் கடைக்குப் போகாத நாளில் வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கூப்பிடுவார். ஏ எமரா, புளி டப்பா எங்க இருக்கு. ஏ எமரா, கேஸ் புக்கை எங்க வச்ச. எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பார், எடுக்கும்வரை அடிப்பார், புளி கிடைத்துவிட்டால் அதைச் சொல்ல இன்னொரு தடவை அடிப்பார். பத்து நாற்பத்திரண்டு. அவள் கையை மெல்ல, ரொம்ப மெல்ல, இடுப்புக்குக் கொண்டுபோய்ப் பையை உடம்போடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள், அதிர்வு மண்ணுக்கு இறங்கிவிடாதபடி. நீலம் நீலம் அசையவில்லை. நின்றது. மறுபடி பத்து நாற்பத்துநாலுக்கு. அப்போது அது பாறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தது. அமுக்கிய கையை எடுக்காமல் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது மறைந்து, திரும்பி வருமா என்று காத்திருக்கையில் மூன்றாவது தடவை. அந்த அதிர்வு உள்ளங்கையில் எப்படி இருந்தது என்று இப்போதும் சொல்ல முடியும். நின்று நின்று, ஒரே மாதிரி, ஒவ்வொரு அழைப்புக்கும் எட்டு தடவை.

மதியம் பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா பால் பாத்திரம் கொடுக்க வந்து பார்த்தபோது அடுக்களை வாசலில் கிடந்தாராம். கையில் போன். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் சொன்ன ஒரு வாக்கியத்தை ஊரில் எல்லாரும் எமரால்டிடம் வந்து சொன்னார்கள், ஒரு ஆள் பாக்கியில்லாமல். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம். செல்வராணி அக்காவின் நம்பர் எமரால்டின் போனில் இருக்கிறது. ஞானராஜின் போனில் இல்லை, அந்த மனிதருக்கு எந்த நம்பரையும் பதிந்துவைக்கத் தெரியாது, எல்லாம் எமரா, எமராதான். போனை எடுத்து ஒரு வார்த்தை, என்ன என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், செல்வராணி அக்காவுக்கு ஒரு போன், அக்கா மகன் ஆட்டோ, கால் மணி நேரம். எத்தனையோ தடவை இந்த வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஆட்டோ ஆற்றுப் பாலத்தில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீடு முழுக்க ஆள். ஞானராஜின் அக்கா லில்லி எல்லார் முன்னாலும் கேட்டாள், மூணு தடவ அடிச்சிருக்கான்லா என் தம்பி, எடுத்தா என்ன உனக்கு என்று. அப்போது எமரால்டின் வாயிலிருந்து வந்த வார்த்தை, அங்க டவர் கிடையாது மைனி. அவள் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரி குளியலறையில் நின்று போனில் அந்த மூன்று மிஸ்டு கால் வரியையும் அழித்தாள்.

அந்தப் பொய் தன்பாட்டுக்குக் கிடந்து மக்கியிருக்கும். ஷெர்லின்தான் அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். பதினாறாம் நாள் லில்லி மறுபடி ஆரம்பித்தாள், எறும்புக்குக் காவல் இருந்தவ புருஷனுக்குக் காவல் இல்லையே என்று. ஷெர்லின் எழுந்து உள்ளே போய் பைபிளை எடுத்துவந்து அதில் கைவைத்து, எங்க அம்மா இருக்க இடத்துல டவரே கிடையாது அத்த, அடிச்சாலும் கேக்காது, இன்னொரு தடவ இதப் பேசினீங்கன்னா எனக்கு அத்தையே கிடையாது என்றாள். அதிலிருந்து பேச்சு இல்லை. கிறிஸ்மஸுக்கு லில்லி கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாள். சின்ன வயசில் அந்த அத்தையின் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. எமரால்ட் முறுக்கு டப்பா போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடலாமா என்று அப்போது ஒரு தடவை நினைத்தாள். சொன்னால் இவளும் போய்விடுவாள். புருஷன் போனதற்கே ஒன்றும் உறைக்கவில்லை, மகள் போனால் உறைக்குமா உறைக்காதா என்று சோதித்துப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. இன்னும் ஆறு நாள். ஓசூர் பஸ் ஏற்றிவிட்டால் இந்தக் காட்டுக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை. மணி பத்து இருபது. இன்னும் ஒரு மணி நேரம், பத்து நிமிஷம். இதுவரை அடிக்கவில்லை. கம்பெனி வேறுதான் போலிருக்கிறது. மஞ்சள் பச்சை ஒரு பாச்சையை இழுத்துக்கொண்டு வந்து உள்ளே போனது. நேரத்தைச் சொன்னாள். மகள் எழுதினாள். எழுத்து மணிமணியாக, அவள் அப்பாவைப்போல.

துளையில் இரண்டு கண் தெரிந்தது. அடுத்த ஆள். நீலம் வெள்ளை. பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. அப்போது அடித்தது. சத்தம் இல்லை, வெறும் அதிர்வு. சுடிதார்ப் பை மண்ணில் படிந்திருந்ததால் சருகு கிருகிருவென்றது. ஷெர்லினின் வலது கை பையை நோக்கி எழும்பத் தொடங்கியது. எமரால்ட் அதை நினைக்கவில்லை. நினைப்பதற்கு நேரமே இல்லை. அவளுடைய இடது கை தாழ்வாக, மெல்ல, சருகை உரசாமல் போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்து மண்ணோடு அமுக்கியது. அமுக்கிக்கொண்டே இருந்தது. கண் துளையை விட்டு எடுக்கவில்லை. எட்டு தடவை அதிர்ந்து நின்றது. நீலம் வெள்ளை பாதி உடம்போடு அப்படியே நின்றது, பிறகு முழுசாக வெளியே வந்து சருகில் ஏறியது.

“நீலம் வெள்ளை,” என்றாள் எமரால்ட். “பத்து இருவத்தாறு. கிழக்கே.”

பேனா ஓடுகிற சத்தம் வரவில்லை. அப்போதுதான் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். மகளின் மணிக்கட்டில் தன் நாலு விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது. எடுத்துக்கொண்டாள். ஷெர்லின் போனை எடுத்துப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ?

“இங்கன டவர் இருக்கு,” என்றாள்.

புதுசா டவர் போட்டிருப்பாங்க. உன் சிம்முக்கு மட்டும் கிடைக்கும் போல. காத்து திரும்பினா எப்பவாவது வரும். மூன்று பதிலும் தயாராக வாய்க்குள் வந்து நின்றன. எமரால்ட் அவற்றைப் பார்த்தாள். ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. கை செய்ததைப் பார்த்துவிட்டவளிடம் வாயால் என்ன சொல்லி என்ன?

“இருக்கு,” என்றாள். “எப்பவும் இருக்கும்.”

“அன்னைக்கு இந்தப் புத்துலதான் இருந்தியா?”

“இதுலதான்.”

“அடிச்சுச்சா?”

“அடிச்சுச்சு.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும்.”

ஷெர்லின் துளையைப் பார்த்தாள். காட்டில் எங்கேயோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது, நிறுத்தியது, மறுபடி தட்டியது.

“அன்னைக்குத்தான் வந்துச்சா, அந்த நீலம் நீலம்?”

“ஆமா.”

“போனது திரும்பி வந்துச்சா?”

“வந்துச்சு. பத்து அம்பத்தெட்டுக்கு. ஒரு சிலந்தியப் பிடிச்சுக்கிட்டு.”

“அப்பா கடைசியா அடிச்சது பத்து அம்பத்தொண்ணு,” என்றாள் மகள். அவர் போனில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம். “அதுக்குப் பெறவும் ஏழு நிமிஷம் உக்காந்திருக்க.”

“புளி டப்பாவத்தான் தேடுதார்னு நெனச்சேன்டி.”

“நான் பைபிள்ல கைய வச்சேம்மா.”

எழுந்து போய்விடுவாள், போகட்டும், ஜீப் நிற்கிற இடம்வரை வழி தெரியுமா, தெரியும், ஒரே பாதைதான், ஓடை வரும் இடத்தில் மட்டும் இடது பக்கம் திரும்ப வேண்டும், அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எமரால்டின் மனசு சாதாரணமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஷெர்லின் எழவில்லை. குனிந்து, விட்டுப்போன வரியை எழுத ஆரம்பித்தாள். நீலம் வெள்ளை. பத்து இருபத்தாறு. கிழக்கு. பேனா கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் ஒரு கட்டம், பார்க்கிறவர்கள் பக்கத்தில் அசைவு, சத்தம், ஆள் நடமாட்டம் ஏதாவது இருந்ததா என்று குறிப்பதற்கு. காலையிலிருந்து அத்தனை வரியிலும் இல்லை, இல்லை என்றுதான் எழுதியிருந்தாள்.

“இடையூறுன்னு போட்டிருக்கே, இதுல என்ன எழுத?” என்று கேட்டாள்.

“போன் அடிச்சுச்சுல்லா. உண்டுன்னு எழுது.”

“அன்னைக்கு என்ன எழுதின?”

எமரால்ட் வாயைத் திறந்தாள். பழைய நோட்டின் அந்தப் பக்கம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது, குனியாமல் எழுதிய கோணல் எழுத்து, நீலம் நீலம், பத்து நாற்பத்தொன்று, பாறைப் பக்கம், திரும்பியது பத்து ஐம்பத்தெட்டு, சிலந்தி. அதற்குப் பக்கத்தில் அந்தக் கட்டம்.

“இல்லைன்னு எழுதினேன்,” என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. ஒரு மனிதர் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார், அவள் இடையூறு இல்லை என்று தன் கையால் எழுதியிருக்கிறாள். அவர் போய்விட்டார், புளி டப்பாவை இனி யாரும் தேடப்போவதில்லை, ஏ எமரா என்று இனி ஒருவரும் கூப்பிடப்போவதில்லை என்று அப்போதுதான் தெரிந்ததுபோல் அழுதாள். தோள் குலுங்கியது, முழங்கால் சருகில் இடித்தது, வாயைப் பொத்தப் போன கை பாதியில் நின்றது. கிழக்கே போன நீலம் வெள்ளை விறுவிறுவென்று திரும்பி வந்து துளைக்குள் இறங்கிவிட்டது. ஷெர்லின் அவளைத் தொடவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. கட்டத்தில் உண்டு என்று எழுதினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டை மூடினாள்.

“அந்தப் பழைய நோட்டு எங்க இருக்கு?”

“ஆபீஸ் பீரோவுல.”

“போகும்போது எடுக்கணும். திருத்தணும்.”

“அழிக்கக் கூடாது,” என்றாள் எமரால்ட், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. “ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல சரியா எழுதணும். ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். திருத்தி எழுதினவ ஒண்ணு, அதப் பக்கத்துல இருந்து பாத்தவ ஒண்ணு.”

“பாத்தவ நான் போடுதேன்,” என்றாள் ஷெர்லின்.